ரத்தக் கொதிப்பு யாருக்கு?

"ரத்தக் கொதிப்பா? நமக்கா? அது பங்களாவில் படுத்து, காரில் போய், கறியும் மீனும் தின்று கொழுத்தவனுக்கு வருகிற வியாதி ஐயா! விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவனுக்கு அது எங்கிருந்து வரும்?"

முத்தையாபுரம் உப்பளத்து ஓர டீக்கடையிலே, துறைமுக வாசலிலே, திரேஸ்புரத்தில் வலை சரிபார்க்கும் மணல்மேட்டிலே நாம் ஓயாமல் கேட்கிற பேச்சு இது. பேசுகிறவர்கள் நம் தோழர்கள். அந்தப் பேச்சிலே ஒரு பெருமிதம் உண்டு. உழைப்பவன் உடம்பு இரும்பு, உட்கார்ந்து தின்பவன் உடம்புதான் துரும்பு என்கிற பெருமிதம் அது. அந்தப் பெருமிதத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதற்குள்ளே ஒரு பொய் ஒளிந்து கொண்டிருக்கிறது. முதலாளி பரப்பிய பொய்களைத் தோலுரிக்க நமக்குத் தெரியும். நமக்கு நாமே சொல்லிக் கொண்ட பொய்யை என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 18 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களின் வீடுதேடிச் சென்று கையில் பட்டை கட்டி அளந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 34 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு, ரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. இந்த மூவரில் ஒருவர் எல்லோரும் பங்களாவாசிகளா? தமிழ்நாட்டில் அத்தனை பங்களாக்கள் ஏது? அதைவிட நம்மை உலுக்கிய எண் இன்னொன்று. அழுத்தம் மிகுந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான்! மற்ற 93 பேரில் பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மருந்து எடுக்கவில்லை. எடுத்தவர்களிலும் பலர் பாதியிலே விட்டு விட்டார்கள்.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்த நோய் கொண்டவர்கள் சுமார் 130 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அல்ல. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உள்ள ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும்தான். பணக்கார நாடுகள் பல அளந்தும் மருந்து கொடுத்தும் இதை ஓரளவு அடக்கி வருகின்றன. நம்மைப் போன்ற நாடுகளிலோ பெருகுகிறது. பணக்கார வியாதி என்று நாம் கேலி பேசிக் கொண்டிருந்த காலத்திலே, அது குடிபெயர்ந்து நம் குடிசைக்கு வந்து விட்டது!

நமக்கு நன்கு தெரிந்த ஒரு தோழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சுமை தூக்குகிறவர், ஐம்பது வயதாகவில்லை. கூட்டமென்றால் முதல் ஆளாக நாற்காலி போடுவார். கடைசி ஆளாக அதை எடுத்து அடுக்குவார். ஒரு நாள் காலை மூட்டையை முதுகில் ஏற்றப் போகையில் இடது கை தொங்கிற்று, வாய் கோணிற்று. வெயில் மயக்கம் என்று சோடா வாங்கி வந்தார்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டு போனார்கள். "வாதம் அடித்திருக்கிறது, எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகும்" என்றார் ஒருவர். புறா ரத்தம் பூசலாம் என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மயங்கி விட்டது. மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தை எண்ணெயும் புறாவும் தின்று விட்டன.

அது கூடப் பெரிதல்ல. பிறகு அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு சீட்டு கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு முகாமில் அளந்து எழுதிக் கொடுத்தது: 180க்கு 110. கூடவே ஒரு மாத்திரை அட்டை. பத்து மாத்திரை காலி. மீதி அப்படியே இருந்தது. "பத்து நாள் சாப்பிட்டார்கள். ஒன்றும் செய்யவில்லையே என்று விட்டு விட்டார்கள்" என்றார் அவர் மனைவி. அவர்தான் இன்று மீன் வறட்டும் இடத்தில் கூலிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்.

'ஒன்றும் செய்யவில்லையே!' இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரத்த அழுத்தம் 'ஒன்றும் செய்யாது'. தலை வலிக்க வேண்டும், கண் இருட்ட வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். பெரும்பாலோருக்கு அவை எதுவும் வருவதில்லை. நேரே வாதம் வரும், மாரடைப்பு வரும், சிறுநீரகம் கெடும்.

கடலுக்கடியில் சங்கு எடுக்கும் குளியாளித் தோழர்களுக்கு அழுத்தம் என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கரையில் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. பார்களில் சிப்பி அற்றுப் போயிற்று. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது. ஐந்தரை பாகம் ஆழம் போனால் உடம்பின் மீது அழுத்தம் இரு மடங்காகி விடும். அது காதில் தெரியும். மூக்கைப் பிடித்து ஊதிச் சரி செய்து கொண்டு மேலும் இறங்குவார்கள். வெளியே இருந்து அழுத்துவதைக் காது அறிவித்து விடுகிறது. உள்ளே இருந்து அழுத்துவதை அறிவிக்க ஓர் உறுப்பும் இல்லை! அதை அறிவிப்பது கையில் கட்டும் அந்தத் துணிப்பட்டை ஒன்றுதான். மூச்சடக்கி நீருக்குள் இருக்கும்போது ரத்த அழுத்தம் மேலும் ஏறும் என்பதால், குளியாளிகள் மற்றவர்களைவிட முந்திக் கொண்டு அளந்து பார்க்க வேண்டியவர்கள்.

உப்பளத்துத் தோழர் கேட்கலாம், அது என்ன அழுத்தம் என்று. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அவர் நாள்தோறும் பார்க்கிறார். ரப்பர் குழாயின் முனையைக் காலால் மிதித்தால் என்ன ஆகும்? குழாய் புடைக்கும், நைந்த இடத்தில் பிளக்கும், மோட்டார் திணறிச் சூடேறும். இருதயம் மோட்டார், ரத்தக் குழாய் ரப்பர் குழாய். அவ்வளவுதான் சங்கதி. இருதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ளது கீழ் எண். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால், வைத்தியரிடம் போக வேண்டும்.

'கொதிப்பு' என்று எவர் பெயர் வைத்தாரோ தெரியாது. பெயராலேயே பாதிக் கேடு. கொதிப்பு என்றதும் ரத்தம் உலைநீர் போல் கொதிப்பதாக எண்ணிக் கொள்கிறோம். கோபக்காரனுக்குத்தான் வரும் என்று முடிவு கட்டுகிறோம். மேடையில் உரக்கப் பேசுகிறவருக்கு இருக்கும், மூலையில் சாதுவாக உட்கார்ந்திருப்பவருக்கு இருக்காது என்கிறோம். (நமது பேச்சாளர்களில் மிக உரக்கப் பேசுகிற ஒருவருக்கு அளந்தபோது 120க்கு 80 இருந்தது. பக்கத்தில் வாய் திறவாமல் சீட்டு எழுதிக் கொண்டிருந்தவருக்கு 160க்கு 100!) கொதித்தால் தணிக்க வேண்டுமல்லவா? ஆகவே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தாராளமாக உப்பைப் போட்டுக் குடிக்கிறோம். எந்த உப்பு அழுத்தத்தை ஏற்றுகிறதோ அதையே மருந்தென்று விழுங்குகிறோம்.

உப்புக்கு வருவோம். தூத்துக்குடிக்காரனிடம் உப்பைக் குறை சொல்வது எளிதல்ல. நாட்டிலே குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டிலே பெரும்பங்கு விளைவது இந்தக் கரையில். "சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" என்று மானத்துக்கே உப்பை அளவாக்கிய மக்கள் நாம். உப்பை அடியோடு விடு என்று எவரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி, அதற்குள் நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர் சராசரியாகத் தின்பதோ 8 கிராம் அளவு. ஆண்கள் அதற்கும் மேலே. ஏன் கூடுகிறது? கூலி குறைந்தால் குழம்பில் காய் குறைகிறது, மீன் குறைகிறது. உப்பும் காரமும் ஏறுகின்றன. பழைய சோற்றுக்கு ஒரு துண்டுக் கருவாடு, இல்லாவிட்டால் ஊறுகாய். ஒரு தட்டுச் சோற்றை உள்ளே தள்ளுவதற்கு மலிவான வழி அதுதான். வறுமைக்கும் உப்புக்கும் உள்ள இந்த உறவைப் பேசாமல், "உப்பைக் குறை" என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போவது அதிகாரிகளின் வேலை. நம் வேலை அதோடு முடியாது. கருவாடு நம் பெண்களின் பிழைப்பு. அதை ஒழி என்று நாம் சொல்ல மாட்டோம். நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் கழுவிச் சமைத்தால் உப்பில் ஒரு பங்கு போகும். குழம்பில் தனியே உப்புப் போடவும் வேண்டாம்.

வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும், ஆனால் அவனுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் நிழலும். தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்துச் சென்னை ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட முடிவு நம் முன் இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் அளவு மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத் திறன் குறைந்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கெடும். ஒன்றை ஒன்று பிடித்திழுத்துக் கொண்டு இரண்டும் ஆளைக் குழியில் தள்ளும். உப்பளத்துப் பெண்கள் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக் கொள்வது எதனால்? கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒதுங்க ஒரு கழிப்பிடம் இல்லை. இது வைத்தியத்தைச் சேர்ந்த விஷயமா, கூலிப் போராட்டத்தைச் சேர்ந்த விஷயமா? நாம் இரண்டையும் பிரிக்கவில்லை.

சீனத்திலே 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் ஒரு சோதனை செய்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் பொட்டாசியம் உப்பைக் கலந்து பாதிக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. ஆகவே உப்பளத்துக்காரர்கள் வைத்தியரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ஆனால் நாட்டுக்கே உப்பு அனுப்பும் ஊரில் இப்படி ஒன்றை மலிவாகச் செய்து விற்க முடியாதா என்று யோசிக்கலாம்.

அடுத்தது மாத்திரை. "தொட்டால் விடாது; ஆயுளுக்கும் தின்ன வேண்டும்; ஆகவே தொடாதே" என்பது நம்மிடையே உலவும் மிகக் கெட்டிக்காரத்தனமான வாதம். சோறும்தான் தொட்டால் விடுவதில்லை! மாத்திரை நோயை வேரோடு பிடுங்குவதில்லை என்பது உண்மையே, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறுகிறது. அது மாத்திரையின் சூழ்ச்சியல்ல, நோயின் குணம்.

1945 ஏப்ரல் 12-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே "தலை வலிக்கிறது" என்று சொல்லிச் சாய்ந்தார். ரத்த அழுத்தம் 300ஐ எட்டியிருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விட்டது. உலகத்தின் மிகப் பெரிய படைக்குத் தலைவர், பக்கத்திலேயே வைத்தியர்கள். ஆனால் கொடுக்க நல்ல மருந்து அன்று இல்லை. சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை புழக்கத்துக்கு வந்ததே 1958 வாக்கில்தான். ரூஸ்வெல்டுக்குக் கிட்டாத மருந்து இன்று நம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. அதைத்தான் நாம் தகரப் பெட்டியில் போட்டு வைக்கிறோம்!

தோழர்களை மட்டும் குறை சொல்லி முடித்து விட்டால் நாமும் சுவரொட்டிக்காரர்களாகி விடுவோம். கேட்கிறோம்: ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் நேரம் எது? காலை. உப்பளத்தில் வேலை நேரம் எது? காலை. படகு கரைக்கு வரும் நேரம், சுமைக்கு ஆள் எடுக்கும் நேரம்? அதுவும் பெரும்பாலும் காலையே. சீட்டு வாங்க ஒரு வரிசை, பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. இலவச மாத்திரைக்குத் தொழிலாளி கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி! மாதம் ஒருமுறை அந்த விலையைக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? 'விழிப்பில்லை, அறியாமை' என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். அறியாமை பாதி, மறு பாதி கடிகாரம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதைப் புரிந்து கொண்டு பிறந்தது என்றே சொல்ல வேண்டும். ஊழியர்கள் வீட்டுக்கே போய் அளந்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பலனும் தெரிந்தது: 2023-24-ல் மறுபடி கணக்கெடுத்தபோது, கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7-லிருந்து 17 ஆகியிருந்தார்கள். நல்ல செய்தி. ஆனால் 83 பேர் இன்னும் வெளியே நின்றார்கள். ஏன்? ஊழியர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் கிழவியும் மருமகளும்; ஆண்பிள்ளை கடலிலோ உப்பளத்திலோ இருக்கிறார். அளந்து கொள்ளாதவர்களில் ஆண்களே அதிகம் என்பது நாடெங்கும் கண்ட உண்மை. ஆகவே வீட்டைத் தேடினால் போதாது. வேலை செய்யும் இடத்தைத் தேட வேண்டும். 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று அதற்கும் ஒரு திட்டம் வந்தது. ஆலை வாசல் வரை போவது எளிது. வாசலே இல்லாத உப்பளத்துக்கும், மதில் இல்லாத கடற்கரைக்கும் அது போக வேண்டும்.

மத்திய அரசு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், 40 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அது வேறு கதை. ஆனால் எதிரி கையிலிருந்து விழுந்த கம்பையும் நாம் பொறுக்கிக் கொள்ளலாம். "என் பரிசோதனை எங்கே?" என்று குத்தகைக்காரரையும் உப்பள முதலாளியையும் கேட்க அது உதவும். தினக்கூலிக்குப் பெயர்ப் பதிவே இல்லாத இடத்தில் அந்த உரிமையை எப்படி வாங்குவது என்பதை சங்கங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

1908-ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, வ.உ.சி. முன் நின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டு வாங்கியது என்ன? ஞாயிறு விடுமுறை. உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதைக் கூலிக்குச் சமமான கோரிக்கையாக அன்றே வைத்தார்கள். இன்று நாம் வைக்கக் கூடியவை இவை: உப்பளத்திலும் மீன் இறங்குதளத்திலும் துறைமுக வாசலிலும் வேலை முடிகிற நேரத்தில் அளக்கும் ஏற்பாடு, ஒரே முறையில் இரண்டு மாத மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அரை நாள் கூலி, பாத்திக்கு அருகில் குடிநீர், நிழல், கழிப்பிடம். இவற்றை அடுத்த கூலிப் பேச்சு வார்த்தையின் மனுவிலேயே எழுதச் சொல்கிறோம்.

மனு போய் வருகிற வரை காத்திருக்க வேண்டாத வேலையும் உண்டு. அளக்கும் கருவியின் விலை ஒரு மாநாட்டுத் தோரணத்தின் செலவு ஆகாது. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒன்று வாங்கி வையுங்கள். ஞாயிறு காலை, கூட்டம் தொடங்குமுன், வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்து அளந்து, நோட்டில் எழுதுங்கள். முதலில் தலைவர் கையை நீட்டட்டும். மற்றவர்கள் வெட்கம் விட்டு நீட்டுவார்கள். எண் மிகுந்திருந்தால் கூட்டத்தில் உரக்கச் சொல்லாதீர்கள். சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, ஒரு தோழரைத் துணைக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அடுத்த மாதம், "மாத்திரை வாங்கினாயா?" என்று சந்தாக் கேட்பது போல் கேளுங்கள்.

அளக்கப் போகிறவர் அதற்கு அரை மணி முன்பிருந்து பீடி, டீ இரண்டையும் நிறுத்த வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டை கட்டக் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது, அரசியலும் கூடாது. இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். யாருக்காவது வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், நோட்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், கை தொங்கிய நேரம் எத்தனை மணி என்பதைக் குறித்து வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.